உம் கொட்டியவள்

அந்தப் படகில் விசில் யார் கழுத்தில் தொங்குகிறதோ அவர்தான் ராஜா, அவர்தான் கூலியும். மற்றவர்கள் தூங்கலாம், வாந்தி எடுக்கலாம், சண்டை போடலாம், சும்மா மேலே பார்த்துக்கொண்டு கிடக்கலாம். விசில்காரர் மட்டும் கண்ணை மூடக்கூடாது. கப்பல் வருகிறதா, மேகம் கறுக்கிறதா, பாய் படபடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது என்றால் ஊதி எல்லாரையும் எழுப்ப வேண்டும். முறை முடிந்ததும் விசிலைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் எழுந்து நின்று, கடலை ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் கையாலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். யாரும் யாருக்கும் மாட்டிவிடக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் மெக்கானிக். அதை மீறியவரும் அவரேதான்.

மெக்கானிக் என்றால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கப்பலோட்டிய பரம்பரை ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் நிற்கும் பாய்மரப் படகுகளில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கப் போய், கம்ப்ரசரைத் தொட்ட கையோடு கயிற்றையும் பாயையும் தொட்டுப் பார்த்து, பைத்தியம் பிடித்துக்கொண்டது. லீவு நாள் வந்தால் போதும், யாராவது படகுக்காரர் பின்னால் கிளம்பிவிடுவார். வருஷக்கணக்கில் அப்படி அலைந்து வேலையைக் கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடலில் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் சொந்தப் படகில் இருந்த ஃப்ரிட்ஜ் மட்டும் கிளம்பிய மறுநாளே படுத்துவிட்டது. அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

அவர் மனைவி தையல்காரி. சட்டை, பாவாடைத் தையல் அல்ல. பஸ் சீட், தியேட்டர் நாற்காலி, சோபா உறை, லாரித் தார்ப்பாய் என்று முரட்டுச் சரக்கெல்லாம் அவள் மெஷினுக்கு அடங்கும். கடைத்தெருவின் கோடியில் ஒரு ஷட்டர் கடை, உள்ளே ஃபோம் மூட்டைகள், நடுவில் அந்தப் பெரிய மெஷின். அது ஓட ஆரம்பித்தால் பக்கத்து செருப்புக்கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்.

அவர்களுக்கு ஒரே மகள். பேர் ஒன்று இருக்கிறது, ஆனால் எல்லாரும் கூப்பிடுவது வாண்டு என்றுதான். நாலாவது ஆள் மெக்கானிக்கின் அக்கா. ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தே ரிட்டையர் ஆனவர். “நீங்க எல்லாரும் போயிட்டா நான் மட்டும் உக்காந்து சுவத்தையா பாத்துக்கிட்டு இருப்பேன்?” என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கரை மறைந்த அன்று மடியில் வைத்த பிளாஸ்டிக் வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை. சுவருக்குப் பதில் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஐந்தாவதாக ஒருவரையும் சேர்க்க வேண்டும். சுக்கானைத் தானே பிடித்துக்கொண்டு படகை நேராக ஓட்டும் சின்ன மோட்டார் அது. அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவர் அந்த அக்காதான், வாண்டுவுக்கு அத்தை. வயிறு நிறைய கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும், கொஞ்சம் காற்று கூடினால் முனகும், மேகம் மூடி சோலார் பலகை படுத்துவிட்டால் அதுவும் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் ராத்திரி பகலாக யாராவது சுக்கானைக் கையால் பிடிக்க வேண்டும். யாராவது என்றால் கணவன் அல்லது மனைவி. அத்தை வாளியை விட்டு எழ முடியாது, வாண்டுக்கு அந்த பலம் போதாது.

பாதிக் கடலைத் தாண்டுவதற்குள் எல்லாருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. படுக்கை ஈரம், தலையணை ஈரம், மாற்றிக்கொள்ளும் துணியும் ஈரம். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து உட்காரும் இடமெல்லாம் கொப்புளம். சாய்ந்தே கிடக்கும் படகில் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சோறு வடிப்பதற்குள் பசியே போய்விடும். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. “அந்த டம்ளரை எடு” என்று சொல்ல வாயைத் திறந்து, வேண்டாம் என்று தானே எழுந்து எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு அசதி.

தையல்காரிக்கு அசதிக்கு மேல் இன்னொன்றும் இருந்தது. அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அக்கரையில் இறங்கினால், பிறகு ஏறப்போவதில்லை.

மெக்கானிக்கின் திட்டம் வேறு. அக்கரையில் தண்ணீரும் சாமானும் ஏற்றிக்கொண்டு, காற்று மாறுவதற்குள் அடுத்த கடல். அது இதைவிடப் பெரியது. அதைப் பற்றி அவர் தினமும் பேசினார். அவர் பேசப் பேச இவள் வெங்காயம் நறுக்கினாள், கயிறு சுற்றினாள், துணி பிழிந்தாள். நடுநடுவே “ம்” என்றாள்.

அந்த ‘ம்’ பற்றிச் சொல்ல வேண்டும். மெக்கானிக் ஒரு பேச்சு மிஷின். கல்யாணமான புதிதில், கடைக்கு வந்து ஃபோம் மூட்டைமேல் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்த ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றின் கதையையும் சொல்வார். யார் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன அழுகிக் கிடந்தது என்று அவர் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. அப்போதெல்லாம் அவள் காது கொடுத்துக் கேட்டுத்தான் உம் கொட்டினாள். பிறகு வேலை கூடியது, குழந்தை வந்தது, மெஷினும் பெரிதாயிற்று. கதை நிற்கவில்லை, உம்மும் நிற்கவில்லை, கேட்பது மட்டும் நின்றுபோனது. எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவார் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் வாய் தானாக ஒரு ‘ம்’ போட்டுவிடும். தூக்கத்தில்கூடப் போடும்.

அதனால்தான் கரைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தாள். அவளுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். நல்ல தண்ணீரில் தலை குளித்து, சூடாகச் சாப்பிட்டு, ஆடாத கட்டிலில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் உடம்போடு மனசும் இளகிவிடும். அவர் கையில் டீயோடு வந்து “அப்ப கிளம்பலாமா?” என்பார். இவள் வாய் “ம்” என்றுவிடும். பிறகு அந்தப் பெரிய கடல்தான். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பாய் கிழிந்தது.

ராத்திரி சூறைக்காற்று அடித்து, பெரிய பாய் தையலோடு பிளந்துவிட்டது. விடிந்ததும் அதை இறக்கி, மேல்தளத்தில் பரப்பி, உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டிக்கொண்டு ஊசியை அமுக்கி அமுக்கி அவள் தைத்தாள். அவளுக்கு அது பிடித்த வேலைதான். ஆனால் தைக்கும் இடம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் எவ்வளவு நேரம்தான் தைப்பது? மாப்பிள்ளை கரண்ட் இல்லாமல் கோபித்துக்கொண்டதால் மெக்கானிக் சூறை வந்த நேரத்திலிருந்து சுக்கானை விடவில்லை. அவர் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

ஒருவழியாகப் பாய் மேலே ஏறியது. வெயில் வந்தது, சோலார் பலகை உயிர் பிடித்தது, மாப்பிள்ளையும் மனமிரங்கி சுக்கானைப் பிடித்துக்கொண்டார். கடல் அடங்கிவிட்டது. முறை இன்னும் மெக்கானிக்கினுடையதுதான், விசில் அவர் கழுத்தில்தான். தையல்காரி சுக்கான் பக்கத்து பெஞ்சில், தோல்பட்டையைக்கூடக் கழற்றாமல், அடித்துப் போட்டது போலத் தூங்கிப்போனாள்.

அவளை எழுப்பியது ஒரு சத்தம். சத்தம் என்பதைவிட, நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ மேளம் அடித்தது போல ஓர் அதிர்வு. கண்ணைத் திறந்தால் வானம் இல்லை. வானம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு இரும்புச் சுவர் ஓடிக்கொண்டிருந்தது. சரக்குக் கப்பல். துருப்பிடித்த கோடுகள், பெரிய பெரிய வெள்ளை எழுத்துகள், நங்கூரம் தொங்கும் ஓட்டை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் போவது போல இருந்தது. உச்சியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் இரண்டு கையையும் விரித்து என்னவோ கத்தினான். என்ன கத்தியிருப்பான் என்று தெரிந்துகொள்ள மொழி தெரிய வேண்டியதில்லை.

அடுத்த நொடி கப்பல் கிளப்பிய அலை வந்து இடித்தது. படகு படுத்து எழுந்தது. கீழே பருப்புச் சட்டி பறந்து போய்ச் சுவரில் அடித்தது, வாண்டு “அம்மா!” என்று வீறிட்டாள், அத்தையின் வாளி முதல்முறையாக அவர் மடியை விட்டுப் போனது. மெக்கானிக் கீழேயிருந்து நாலு காலில் தவழ்ந்து மேலே வந்தார். அவர் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

கப்பல் போய்விட்டது. ரேடியோவில் ஒருவன் இங்கிலீஷில் கிழி கிழி என்று கிழித்தான். மெக்கானிக் “சாரி சார், சாரி சார்” என்று அதன் வாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கப்பல் வந்தால் கத்துகிற கருவி ஒன்று அவர்களிடமும் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கரண்ட் மிச்சம் பிடிப்பதற்காக அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

ரேடியோ ஓய்ந்ததும் அவர் திரும்பினார். “விசில் யார்கிட்ட?”

“உங்ககிட்டதாங்க. உங்க முறைதானே?”

“நல்லாப் பாரு. உன் கழுத்துல என்ன தொங்குது?”

குனிந்து பார்த்தாள். விசில் அவள் நெஞ்சில் கிடந்தது.

வாண்டுவைப் பார்த்தாள். பிள்ளை படிக்கட்டில் நின்று, முகமெல்லாம் பருப்போடு, நடுங்கிக்கொண்டிருந்தது. என்னால்தான், நான் தூங்கியதால்தான் என்று முதலில் அவள் மனசு அடித்துக்கொண்டது. எப்போது இதை மாட்டினோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவே இல்லை.

“எப்பங்க குடுத்தீங்க?”

“எழுப்பித்தான் குடுத்தேன். என்னால முடியல, கண்ணு சொருகிடுச்சு. ‘உன் முறைம்மா, கடல் காலியா இருக்கு, பாத்துக்கறியா’ன்னு கேட்டேன். நீ ம்னு சொன்னே.”

“நான் எழுந்து நின்னேனா?”

மெக்கானிக் கொஞ்சம் தயங்கினார். “எழுப்பி நிக்க வைக்க மனசு வரல. அவ்வளவு தைச்சிருக்கே. சரி, ரெண்டு நிமிஷம் உக்காந்தபடியே இருக்கட்டும்னு நானே மாட்டி விட்டேன். ம்னு சொன்னியேம்மா. தெளிவாச் சொன்னே.”

“அப்பா,” என்றாள் வாண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அம்மா ம்னு சொன்னா காதுல விழலன்னு அர்த்தம்பா. இதுகூடவா தெரியாது? ஸ்கூல் டூருக்கெல்லாம் அம்மா மெஷின் ஓட்டுறப்பதான் நான் பர்மிஷன் கேப்பேன்.”

கீழேயிருந்து அத்தையின் குரல் வந்தது. “கல்யாணமான நாள்லேருந்து நீ கதை அளக்கறே, அவ உம் கொட்டுறா. அது ஊருக்கே தெரியும்டா. அந்த வாளி எங்க போச்சு, யாராவது பாருங்க.”

வேறு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். மெக்கானிக் சிரிக்கத்தான் பார்த்தார். பாதியில் அது நின்றுவிட்டது.

“அப்ப எதுக்குத்தான் நீ கேட்டு ம் சொன்னே?” என்றார். “வீட்டை வித்துட்டுப் படகு வாங்கலாமான்னு கேட்டேனே. அன்னிக்கு?”

அவள் அந்தக் கேள்வியை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நெஞ்சில் அந்த அதிர்வு இன்னும் அடங்கவில்லை. பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை.

“அது காதுல விழுந்துச்சுங்க,” என்றாள். “விழுந்துச்சு, ஆனா நம்பல. காளான் வளக்கறேன்னீங்க, தேனீ வளக்கறேன்னீங்க. அது மாதிரி இதுவும் கொஞ்ச நாள்ல போயிடும்னு நெனச்சேன். வேண்டாம்னு சொன்னா ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டு நிப்பீங்க. எனக்கு தியேட்டர் சீட்டு முடிக்கணும். நீங்க கடைய விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு. அதான் ம் சொன்னேன்.”

மெக்கானிக் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். மாப்பிள்ளைதான் படகை ஓட்டிக்கொண்டிருந்தது. இவர் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது. அவரை அப்படிப் பார்த்ததும் அவளுக்குப் பரிதாபமாகிவிட்டது. மீதியையும், இறங்கப் போகிறேன் என்பதையும், அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு அடி வாங்கி நிற்கிறவரை மறுபடி அடிக்க மனசு வரவில்லை. பருப்பைத் துடைக்கக் கீழே போனாள்.

அதன் பிறகு படகில் பேச்சு இல்லை. நடுக்கடலில் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாது. பக்கத்து ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தவும் முடியாது, ஒரே கதவுதான், அது கக்கூஸ் கதவு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும், அதே கயிற்றைத்தான் இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டும்.

விசில் கொடுக்கும் சட்டத்தை மெக்கானிக் திருத்தினார். இனி ‘ம்’ செல்லாது. கொடுப்பவர் சொல்வதை வாங்குபவர் முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“தெற்கே ஒரு விளக்கு. விலகிப் போகுது. வேற ஒண்ணும் இல்ல.”

“தெற்கே ஒரு விளக்கு, விலகிப் போகுது, வேற ஒண்ணும் இல்ல. சுத்திப் பாத்துட்டேன். விசில் என் கழுத்துல இருக்கு. நான் முழிச்சிருக்கேன்.”

அவ்வளவுதான் பேச்சு. பாடம் ஒப்பிக்கிற பிள்ளைகள் போல ஒப்பித்துவிட்டு ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கப்பல் வந்தால் கத்துகிற கருவியையும் இப்போது அணைப்பதில்லை. அதனால் மாப்பிள்ளை அடிக்கடி படுத்தது, கையால் ஓட்டும் நேரம் கூடியது. அவள் கீழே வரும்போது முட்டியும் தோளும் கழன்று விழுவது போல இருக்கும். படுத்தால் படுக்கை அவரது உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் தூங்கிவிடுவாள். அவள் எழுந்து போகும்போது அவர் வந்து அந்தச் சூட்டில் படுப்பார். புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டது அப்படித்தான்.

அவர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். அத்தைக்கே அது பொறுக்கவில்லை. “ஏன்டா, வாய்ல கொழுக்கட்டையா வச்சிருக்கே?” என்று கேட்டுப் பார்த்தார். தையல்காரிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அந்த அமைதி பாடாய்ப் படுத்த ஆரம்பித்தது. அடுத்த கடலைப் பற்றியும் அவர் பேசவில்லை. விட்டுவிட்டாரா, வைத்திருக்கிறாரா, தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் விசிலை நீட்டும்போது வார்த்தை நாக்கு நுனி வரை வரும். “வேற ஒண்ணும் இல்ல” என்று முடித்துவிடுவாள். கீழே போய், சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

கரை தெரிந்தது அவளுடைய முறையில்தான். வெளுத்துக்கொண்டு வரும் நேரம். முதலில் மேகம் என்று நினைத்தாள். மேகம் கலைய வேண்டுமே, இது கலையவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்றோடு மண் வாசனை வந்தது. ஈர மண், எரிந்த குப்பை, டீசல், எல்லாம் கலந்த ஊர் வாசனை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. குப்பை எரிகிற வாசனைக்கு இப்படி அழுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

விசிலை ஊதி எல்லாரையும் எழுப்பியிருக்கலாம். ஊதவில்லை. ஊதினால் வாண்டு குதிப்பாள், அத்தை சாமிக்கு வேண்டிக்கொண்டதையெல்லாம் சொல்லி அழுவார், பிறகு நங்கூரம், கயிறு, குளியல், சாப்பாடு, தூக்கம் என்று எல்லாம் ஓடிவிடும். அப்புறம் மெக்கானிக் டீயோடு வந்து நிற்பார். அவள் விசிலைக் கையில் இறுக்கிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தாள்.

மெக்கானிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மேலே வந்தார். தாடி உப்புப் படிந்து வெளுத்திருந்தது. இவ்வளவு வயசாகிவிட்டதா இவருக்கு என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் திக்கென்றது. அவர் கரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது, உடனே அதை அடக்கிக்கொண்டார். கையை நீட்டினார்.

“நேர் முன்னால கரை,” என்றாள் அவள். “இடது பக்கம் மீன்பிடி படகு ரெண்டு மூணு இருக்கு. வலை போட்டிருப்பாங்க, ஒதுங்கிப் போகணும்.”

“நேர் முன்னால கரை. இடது பக்கம் மீன்பிடி படகு, வலை இருக்கும், ஒதுங்கிப் போகணும்.” கை நீட்டியபடியே இருந்தது.

அவள் விசிலைக் கொடுக்கவில்லை.

“இன்னொண்ணு இருக்குங்க,” என்றாள். “நான் இங்க இறங்கிடறேன். அடுத்த கடலுக்கு நான் வரல. பாப்பாவையும் அனுப்ப மாட்டேன். கோவத்துல சொல்லல. எனக்கு ஆடாத தரை வேணும். ஒரு மெஷின் வேணும். என்னால இனிமே முடியாதுங்க.”

சொல்லிவிட்டாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அலை படகைத் தூக்கி இறக்கியது. இன்னொன்று தூக்கி இறக்கியது.

“ம்,” என்றார்.

அந்த ‘ம்’ என்ன விலை பெறும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். விசிலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“ம் செல்லாதுங்க. நீங்க போட்ட சட்டம்தான்.”

அவர் பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்ன பையன் போலக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

“நீ இங்க இறங்கற,” என்றார். “அடுத்த கடலுக்கு வரல. பாப்பாவும் வரமாட்டா. கோவத்துல சொல்லல. ஆடாத தரை வேணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “மெஷின் வேணும். இனிமே முடியாது.”

ஒரு வார்த்தையையும் விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை அவர் இப்படித் திருப்பிச் சொன்னதில்லை. அவளும் இத்தனை நீளமாகச் சொன்னதில்லை.

“அப்ப நான்?” என்றார்.

“அத நான் சொல்லக் கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்.”

விசிலைக் கொடுத்தாள். அவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, கரையில் தொடங்கி, மீன்பிடி படகு, அவர்கள் கடந்து வந்த கடல், மறுபடி கரை என்று முழு வட்டம் பார்த்தார். பின்பக்கம் கடலைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பிறகு தன் கையாலேயே மாட்டிக்கொண்டார்.

“விசில் என் கழுத்துல இருக்கு. நான் முழிச்சிருக்கேன். நீ போய்ப் படு. பக்கத்துல போனதும் எழுப்பறேன்.”

கீழே வாண்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அத்தை வாளியைக் கட்டிப்பிடித்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தையல்காரி படுக்கையில் விழுந்தாள். இன்னும் அவர் சூடு இருந்தது. இப்படிச் சொல்லிவிட்டோமே என்று துக்கமாக இருந்தது. லேசாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் போதவில்லை. கண் சொருகிக்கொண்டு வந்தது.

மேலே பேச்சுக் குரல் கேட்டது. நாள் கணக்கில் கேட்காத குரல். மெக்கானிக் மாப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு தெரியுமா மாப்ள? இந்த வெயில்ல ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகாத ஊர் உலகத்துலயே கிடையாது. ரிப்பேர் சாமான் பை ஒண்ணு தோள்ல மாட்டுனாப் போதும்.” நிறுத்தினார். மூச்சு வாங்கினார். மாப்பிள்ளை தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

“ஆனா உன்னையும் இந்தப் படகையும் என்ன பண்றதுன்னுதான் தெரியலடா. யார்கிட்டயாவது உன்னை விட்டுட்டு நான் ராத்திரி எப்படிடா தூங்குவேன்? அவகிட்ட இத சொல்லவும் பயமா இருக்கு. சொன்னா மறுபடி மனசு மாறிடுவா.” சுக்கானைத் தட்டும் சத்தம் கேட்டது. “மாறக் கூடாது. பாவம், அவ ரொம்பக் களைச்சுட்டா.”

மறுபடி நிறுத்தினார். அந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம். இத்தனை வருஷமாக அவள் நிரப்பிய இடம். பாதித் தூக்கத்தில் உதடு தானாக ஒட்டிக்கொண்டு, ‘ம்’ தொண்டை வரை வந்துவிட்டது.

பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். கண்ணைத் திறந்து, முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“கேக்குதுங்க,” என்று மேலே பார்த்துச் சொன்னாள். “முழிச்சுத்தான் இருக்கேன். சொல்லுங்க.”